மூன்றாவது நபர் காலமாகிவிட்டபடியால்

போன வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு புரோகிராமில் அடித்த பத்திரத்தை இன்னொரு புரோகிராமுக்குக் கொண்டுபோனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஓரம் நகர்ந்திருக்கிறதா, பக்கம் உடைந்திருக்கிறதா, எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அது உறுத்தியது. அதெல்லாம் தானாகவே கண்ணில் படும். கண்ணில் படாத ஒன்றை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத் தயங்கித்தான் மற்றதையெல்லாம் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து சொல்ல வராது என்பதால் எழுதித் தருகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். அத்தாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. கடையில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்துவிட்டு ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அவரை நாங்கள் சீனியர் என்றுதான் சொல்வோம். அவர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதன் முன்னால் உட்கார வைக்க அவருக்கு இளவயது ஆள் நான் ஒருவன்தான் இருந்தேன்.

முதல் பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சீனியர் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். டைப்ரைட்டரில் ஒரு சொல்லை ரப்பர் போட்டு அழித்தால் அந்த இடத்தில் தாள் மெலிந்துவிடும். வெள்ளை மை பூசினால் வெளிச்சத்தில் தெரியும். இதில் ஒன்றுமே இல்லை. அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் அப்படியில்லை.

"இதுல எங்கெங்க கைவெச்சேன்னு எனக்கே தெரியலப்பா. இனிமே எதுவா இருந்தாலும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டாம ஒருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கக் கூடாது" என்றார்.

கட்சிக்காரர் படித்தவராக இருந்தாலும் சரி, அவரை உட்கார வைத்து, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்த வேலையும் நாளடைவில் என்னிடம் வந்தது.

ஒரு புரோகிராமில் செய்ததை இன்னொன்று படிக்காது என்பது எங்களுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. ஒருமுறை எங்கள் ஃபைலை வேறொரு புரோகிராமில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்துகள் ஒழுங்காக இருந்தன. கடைசி எழுத்து மட்டும் எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத ஒன்றாக மாறியிருந்தது. எங்கள் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "யாரோ பேசப் பேச வாயைப் பொத்தினாப்ல இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர், அப்புறம் அந்த அறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். சிரித்தேன். அந்த மாதிரிப் பிழை நல்ல பிழை என்று அப்போது எனக்குத் தெரியாது. அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் தோட்டம் வைத்திருந்த குடும்பம். தகப்பனார் இல்லை. தாயார் பெயர் செல்லம்மாள். மூன்று பையன்கள்: கந்தசாமி, ராமசாமி, செங்கோடன். தோட்டத்தோடு போர் போடுகிற ரிக் வண்டிகளும் இருந்தன. பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று சண்டை சச்சரவில்லாமல் பேசி முடித்திருந்தார்கள். ரிக் வண்டிக்கு வங்கிக் கடன் இருந்ததால் பத்திரம் இங்கிலீஷில் வேண்டும் என்று கேட்டார்கள். தாயாருக்கு எங்கள் சீனியர்; பையன்களுக்கு நாமக்கல்லில் ஒரு வக்கீல். அந்த அலுவலகத்திலும் கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் வேறு புரோகிராம்.

முதல் நகலை நான்தான் அடித்தேன். ஒன்றாவது நபர் கந்தசாமி, இரண்டாவது நபர் ராமசாமி, மூன்றாவது நபர் செங்கோடன், நான்காவது நபர் செல்லம்மாள். பக்கம் பக்கமாக அந்த எண்களைச் சொல்லித்தான் எல்லாம் எழுதியிருந்தது.

அது முத்திரைத்தாளுக்குப் போவதற்குள் ராமசாமியும் செங்கோடனும் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே வேலைக்குப் போனார்கள். போன இடத்தில் ஒரு பாலத்தில் வண்டி கவிழ்ந்து செங்கோடன் இறந்துபோனான். கல்யாணம் ஆகாத பையன். உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லாமல், அண்ணன் ராமசாமி அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பலோடு வந்தார்.

சில மாதம் கழித்துப் பத்திர வேலை மறுபடி தொடங்கியது. சட்டப்படி செங்கோடனுடைய பாகம் தாயாருக்கு வர வேண்டும். சீனியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அந்தப் பையன் பேரை அழிச்சுடாதே. எதை எடுத்திருக்கோம்னு நாமக்கல் வக்கீலுக்குத் தெரியணும். பேர் மேல கோடு போட்டு அனுப்பு. அவன் காலமானதைச் சொல்லி ஒரு பாராவும் சேர்த்துடு."

அப்படியே செய்தேன். முதல் பக்கத்துப் பட்டியலிலும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்திலும் செங்கோடன் பெயர் மேல் கோடு போட்டேன். நடுவில் ஒரு பாரா சேர்த்தேன். மூன்றாவது நபர் மணமாகாமல் காலமாகிவிட்டபடியால் அவருடைய பாகம் முழுவதும் நான்காவது நபருக்குச் சேர வேண்டியது என்று அதில் இருந்தது.

அந்தக் கோடு உண்மையில் கோடு இல்லை. பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, பின்னால் ஒரு குறி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கோடு போட்டு அச்சடி என்று எங்கள் புரோகிராமுக்கு அது சொல்லும். நாமக்கல் புரோகிராமுக்கு அந்தக் குறி புரியாது. புரியாததை அது ஓசைப்படாமல் விட்டுவிடும்.

ஃபிளாப்பியை குமாஸ்தா பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நாமக்கல்லில் அதைத் திறந்த பெண் கவனமான பெண். அவள் திரையில் செங்கோடன் பெயர் கோடு இல்லாமல் முழுசாக நின்றது. ஒருவர் இறந்துவிட்டார், அவரை எடுத்துவிடு என்று மட்டும் அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். அவள் பட்டியலில் அந்தப் பெயரை எடுத்தாள். மூன்றாவது இடம் காலியானதால் தாயாரை மூன்றாவது நபராக்கினாள். பத்திரம் முழுக்க 'நான்காவது நபர்' என்று வரும் இடங்களையெல்லாம் 'மூன்றாவது நபர்' என்று மாற்றச் சொல்லி ஒரே கட்டளை கொடுத்தாள். இயந்திரம் ஒரு இடம் விடாமல் மாற்றியது. நான் செய்தது சரி. அவள் செய்ததும் சரி. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னவோ போல இருக்கும்.

பத்திரம் பதிகிற நாள் வந்தது. சீனியருக்கு சேலத்தில் ஒரு வழக்கு வாதத்துக்கு வந்துவிட்டது. "நீ போ. படிச்சுக் காட்டு. மனசுல ஏதாவது இடறினா நிறுத்திடு" என்று என்னை அனுப்பிவிட்டார். நல்ல கோடை. சங்ககிரி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதுபவர் ஒருவரின் அறையில் உட்கார்ந்தோம். நாமக்கல்லிலிருந்து முத்திரைத்தாளில் அச்சடித்த பத்திரம் வந்திருந்தது. அதைப் போல அழகான பத்திரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை.

கந்தசாமிக்கு அவசரம். வங்கிக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராமசாமி அன்று சாயங்காலம் வண்டியோடு மறுபடி வடக்கே கிளம்ப வேண்டும். அவர் சுவரில் சாய்ந்து நின்றார், உட்காரவே இல்லை. செல்லம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றாவது நபர் கந்தசாமி, இரண்டாவது நபர் ராமசாமி, மூன்றாவது நபர் செல்லம்மாள்" என்று தொடங்கினேன். தோட்டம், கிணறு, வண்டி என்று படித்துக்கொண்டே வந்தேன். என் வாய் ஒரு வரியில் இருக்கும், கண் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பழக்கம் அது.

"மூன்றாவது நபர் மணமாகாமல் காலமாகிவிட்டபடியால், அவருடைய பாகம் முழுவதும்..."

அடுத்து என் கண்ணில் பட்டது: மூன்றாவது நபருக்கே சேர வேண்டியது.

நிறுத்தினேன். எதிரில் பார்த்தேன். மூன்றாவது நபர் முழங்கையை மடியில் ஊன்றி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். மூன்று என்ற எண்ணுக்கு எதிரே அவர் பெயர். திரும்பி வந்தேன். இறந்துபோன மூன்றாவது நபரின் சொத்து மூன்றாவது நபருக்கே போகிறது. மூன்று பிள்ளை பெற்ற தாயார் மணமாகாமல் இறந்து, தன் சொத்தைத் தானே வாங்கிக்கொள்கிறார். அந்த வரியில் ஒரு எழுத்து கோணல் இல்லை. மற்ற வரிகளைப் போலவே அதுவும் நேராக, கறுப்பாக, அடக்கமாக இருந்தது.

அந்த அறையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'செங்கோடன் காலமாகிவிட்டபடியால் அவர் பாகம் தாயாருக்கு' என்று வாயால் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்வது ஒன்றும் தாளில் இருப்பது ஒன்றுமாகப் பதிவாகியிருக்கும்.

"ஏனுங்க பாய், நிறுத்திப்போட்டீங்க?" என்றார் கந்தசாமி.

"ஒரு எண் மாறியிருக்குதுங்க."

"எண்ணு தானுங்களே? பேனாவுல திருத்திக்கலாமுங்க. இல்லீனா இன்னைக்குப் பதிஞ்சுபோட்டு, அப்பறமா பிழைதிருத்தல் பத்திரம் ஒண்ணு போட்டுக்கலாம்."

செல்லம்மாள் அவரைப் பார்க்கவில்லை. "யாரு செத்துப்போனதா எழுதியிருக்குதுங்க சாமி?" என்று என்னிடம் கேட்டார்.

நான் தாளைக் கீழே இறக்கினேன்.

"மொதல்ல படிக்கறப்ப மூணாவது நான்னு தானே சொன்னீங்க?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்மா. தப்பா அச்சாயிருக்கு. உங்களைச் சொல்லலை. நம்பர் மாறிப்போச்சு" என்றேன்.

அந்த நேரத்தில்தான் கரண்ட் போனது. தலைக்கு மேல் விசிறி சுற்றி, சுற்றி, நின்றது. வெளியே நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. செல்லம்மாள் கையை நீட்டினார். பத்திரத்தைக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் மட்டுமல்ல, தமிழும் படிக்க வராது, கைநாட்டுதான். தாள்களை மெல்லப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே ஒரு விரலை வைத்தார்.

"இது என்ற பையன் பேரு."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடம். ஒன்று, கந்தசாமி. இரண்டு, ராமசாமி. மூன்று, செங்கோடன். நான்கு, செல்லம்மாள். நாமக்கல் பெண் முதல் பக்கத்தில் எடுத்த பெயரைக் கடைசிப் பக்கத்தில் எடுக்க மறந்திருக்கிறாள். நான் அதன் மேல் போட்ட கோடும் இல்லை. பெயருக்கு எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டு, புள்ளி வைத்த வரி காத்திருந்தது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வண்டி நெத்தியில இங்கிலீசுல இதையத்தானுங்க எழுதியிருக்கும். மொதல்ல பாம்பாட்ட நெளிஞ்சிருக்கும், நடுவால சக்கரமாட்ட ஒண்ணு. வண்டி வாங்குனப்ப அவம் பேரைத்தான் வெச்சோம்." விரலை எடுக்காமலே நிமிர்ந்து கேட்டார்: "அவன் கையெழுத்துப் போட வாரானுங்களா?"

அந்தக் கேள்வியை அவர் அழுதுகொண்டு கேட்டிருந்தால் நாங்கள் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்போம். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

"அம்மா, அது மிசினு பண்ணுன தப்பும்மா" என்றார் கந்தசாமி.

"அப்ப இதுல நான் போயிட்டேன். அவன் இருக்கறான்."

"அம்மா..."

"இருக்கட்டும் உடு. இப்படியே இருக்கட்டும். நானு எங்க கைநாட்டு வெக்கோணும்?"

மேஜை மேல் மைப்பெட்டி திறந்திருந்தது. அவர் கட்டைவிரலை அதில் அழுத்தி எடுத்தார். கந்தசாமி தடுக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த நாள் முடிந்தால் போதும் என்றிருந்தது. தாயார் கைநாட்டு வைத்துவிட்டால் மீதியை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார். என்னிடம் கேட்டால், அந்தத் தாள் அப்படிப் பதிவாகிவிட்டால் அதற்கப்புறம் அந்த அம்மாள் ஒவ்வொரு ஆபீஸிலும் போய் நின்று, தான் சாகவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் அதைச் சொல்வாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் முகம் அப்படி இருந்தது.

யோசிக்க நேரமில்லை. என் கையை அவர் பெயர் மேல் விரித்து வைத்தேன். அவர் விரல் இறங்கிவிட்டது. ஊதா மை என் புறங்கையில் பதிந்தது. ரேகை ரேகையாக, தெளிவாக.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது ராமசாமி சுவரை விட்டு வந்து, தாயார் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அம்மா, நாந்தான் கொள்ளி வெச்சேன்" என்றார். "என்ற கையிலதான் வெச்சேன். அவன் வர மாட்டாம்மா."

"நீ இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லுலயே."

"நீங்க கேக்கவே இல்லீங்களேம்மா."

அந்த அம்மாள் அவர் தலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பேரை எடுக்கறதாத்தான் பேச்சா?"

"ஆமாம்மா. மேல கோடு போட்டு அனுப்பிச்சோம். வழியில அந்தக் கோடு உதிர்ந்துபோச்சு."

"யாரு போட்ட கோடு?"

"நாந்தாம்மா போட்டேன்."

"அழுத்திப் போட்டீங்களா?"

இரண்டு பட்டனைச் சேர்த்துத் தொட்டேன், அவ்வளவுதான். "இல்லம்மா" என்றேன்.

"அதான் நிக்குல" என்றார்.

பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த லாரி ஆபீஸுக்கு ஓடிப் போய் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். சீனியர் கோர்ட் ஹாலில் இருக்கிறார், கூப்பிட முடியாது என்றார் குமாஸ்தா. திரும்பி வந்து, இன்றைக்குக் கையெழுத்து இல்லை என்று சொன்னேன். கந்தசாமிக்குக் கோபம் வந்தது. ஒரு டைப்பிஸ்டு பையன் சொல்லித் தன் வேலை நிற்பதா என்று சத்தம் போட்டார். தாள் என் கையில் இருந்தது. அதை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதைத் தவிர எனக்கு வேறு எந்த அதிகாரமும் இல்லை.

சண்டையை முடித்து வைத்தது செல்லம்மாள்தான். "எந்தப் பொட்டியில அவம் பேரு கோடில்லாம இருக்குதோ, அங்க என்னையக் கூட்டிட்டுப் போங்க. எடுக்கறதா இருந்தா என்ற கண்ணு முன்னால எடுக்கோணும். அப்பறம் வெக்கறேன் கைநாட்டு."

கந்தசாமியின் காரிலேயே நாமக்கல் போனோம். வழியெல்லாம் என் கையை மடியில் வைக்கத் தோன்றாமல், நீட்டியபடியே வைத்திருந்தேன்.

நாமக்கல் அலுவலகத்திலும் கரண்ட் இல்லை. அந்தப் பெண் நடந்ததைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "நான் பாக்கறப்ப கோடே இல்லீங்க சார், சத்தியமா இல்லீங்க" என்றாள். உன் மேல் தப்பில்லையம்மா என்று சொன்னேன். செல்லம்மாளைக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அணைந்த திரையில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தைப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைச் சாய்த்து, அதற்குப் பின்னால் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது.

கரண்ட் வந்தது. எங்கள் ஃபிளாப்பியை முதலிலிருந்து மறுபடி மாற்றிப் பார்த்தேன். செங்கோடன் பெயர் கோடில்லாமல் வந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் அப்படியே. ஒரே ஃபிளாப்பிதான். சேலத்தில் திறந்தால் அவன் இறந்திருக்கிறான். இங்கே திறந்தால் இருக்கிறான். காரணம் எனக்குத் தெரியும். முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு குறி, அவ்வளவுதான். ஆனால் அந்த அறையில், அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில், தெரிந்த காரணம் எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

கையெழுத்து வரிசையில் தவிர வேறெங்கும் எண்களே வேண்டாம் என்று முடிவு செய்தேன். நாமக்கல் வக்கீலும் சம்மதித்தார். நபர் என்று வந்த ஒவ்வொரு இடத்திலும் பெயரையே எழுதினோம். மொத்தமாக மாற்றச் சொல்லி இயந்திரத்திடம் விடவில்லை. அந்தப் பெண் விரல் வைத்துக் காட்ட, நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். பிறகு செல்லம்மாளுக்குத் திரையைப் பார்த்துப் படித்தேன்.

"செல்லம்மாளின் மகன் செங்கோடன் மணமாகாமல் காலமாகிவிட்டபடியால், அவருடைய பாகம் முழுவதும் தாயார் செல்லம்மாளுக்குச் சேர வேண்டியது."

"இன்னொருக்கா படிங்க" என்றார்.

படித்தேன். மறுபடி கேட்டார். படித்தேன். நான்காவது தடவை அவரே வாய்க்குள் கூடச் சொன்னார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். மூன்று என்ற எண்ணுக்கு எதிரே அந்தப் பெயர் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. பெயர் முடிகிற இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எதை அமுக்கோணுமுங்க?"

காட்டினேன். அவர் மை படிந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்தப் பட்டன் மேல் வைத்தார். ஒரு தடவை அமுக்கினார். ஒரு எழுத்து போனது. கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அமுக்கினார். ராமசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கந்தசாமி, அதுவரை வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தவர், தாயார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த அம்மாள் அவசரப்படாமல் நேரம் கொடுத்தார். கடைசி எழுத்து போனதும் எண் மட்டும் தனியாக நின்றது.

வெற்றிடத்தை மூட நான் ஒரு பட்டனைத் தட்டினேன். கீழே இருந்த அவர் பெயர் துள்ளி மேலே ஏறி, மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இயந்திரம் எப்போதும் செய்வதுதான் அது. தினம் நூறு தடவை பார்ப்பேன்.

"என்னுதுங்களா அது?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அவன் எடத்துக்கு வந்துட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் பத்திரம் பதிவானது. சீனியர் நடந்ததை முழுவதும் கேட்டுக்கொண்டார். பாராட்டவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் யாரும் எண்ணால் ஆளைக் குறிக்கவில்லை; கோடு போட்டு எந்த ஃபைலையும் வெளியே அனுப்பவில்லை. நீங்களும் அதைச் செய்யுங்கள். இன்னும் ஒன்று. மாற்றி முடித்த பத்திரத்தைத் திரையில் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், அதில் இருக்கிற ஆட்களில் யாராவது ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். எனக்கு அன்று தெரிந்தது அங்கேதான்.

நாமக்கல் போன அன்று சாயங்காலம் ராமசாமி வடக்கே கிளம்பவில்லை. நாமக்கல் அலுவலகத்து வாசலில் கார் நின்றது. எனக்கு சேலம் பஸ் பிடிக்க வேண்டும், கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். செல்லம்மாளுக்காகக் கந்தசாமி முன் கதவைத் திறந்து வைத்திருந்தார். அந்த அம்மாள் அங்கே போகவில்லை. பின்னால் ஏறி ராமசாமி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காத்தால அவன் என்ன தின்னான்?" என்று அவர் கேட்பது என் காதில் விழுந்தது. ராமசாமி ஏதோ சொன்னார். "வயிறு நெம்பத் தின்னானா?" என்று கேட்டார். கதவு சாத்தி, கார் கிளம்பும் வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.